கண்ணாடிக்காரர் செம்புக் கம்பி தேர்ந்தெடுத்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், என் மூக்குக்கண்ணாடியின் தளர்ந்துபோன காதுப்பிடியை இறுக்கிக் கொடுத்த கண்ணாடிக் கடைக்காரர். திருகாணியைத் தேடும்போது தொடங்கினார். இறுக்கி முடித்த பிறகும் நெடுநேரம் சொன்னார். அவர் பாதியில் விட்ட வாக்கியங்களை முடித்து வைத்ததைத் தவிர நான் எதையும் சேர்க்கவில்லை. இனிப் பேசுவது அவர்.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. அதை ஓட்டுபவள் என் மனைவி. எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்பவளும் அவளே. சன்னலை இறக்குவதா ஏற்றுவதா என்பதும் அவள் துறையைச் சேர்ந்தது. முன்னிருக்கையில் அமர்ந்து இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்ளும் துறை மட்டும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதிலும் அவ்வப்போது தணிக்கை நடக்கும்.

"பட்டை முறுக்கிக்கிட்டு இருக்கு பாருங்க."

பார்ப்பேன். முறுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

அவள் மோட்டார் பட்டறை நடத்துகிறாள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கரிந்த கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதிய செம்புக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுப்பது அவள் தொழில். ஓடும் மோட்டாரின் ஓசையை வாசலில் நின்றபடி கேட்டே, உள்ளே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இத்தகைய காது படைத்தவளுக்குக் காருக்குள் பாட்டு ஆகாது.

"அதை நிறுத்துங்க. இஞ்சின் பேசறது எனக்குக் கேக்கணும்."

ஞாயிறுதோறும் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பத்தொன்பது ஆண்டுகளாக இஞ்சின் பேசுவதை நானும் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். ஒரு நாளாவது அது என்னிடம் பேசியதில்லை.

எனக்கு ஐம்பது வயது நிறைந்த அன்று காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது, ஒரு கன்னம் முடிந்த நிலையில், அந்தத் தீர்மானத்தை எடுத்தேன். இனிக் காருக்குள் பாட்டு ஒலிக்கும். என் பாட்டு. நான் தேர்ந்தெடுக்கும் பாட்டு. முரசு அதிர்ந்தால் என் நெஞ்சுக்கூடு அதிர வேண்டும். மறு கன்னத்தை மழிக்காமலேயே அடுக்களைக்குப் போய் அறிவித்தேன்.

"காருக்குப் பெரிய சவுண்டு சிஸ்டம் வைக்கப் போறேன். டிக்கியில ஒரு ஆம்ப், ஒரு பேஸ் பெட்டி."

"வையுங்க."

நாற்பது நிமிட வாதத்துக்குத் தயாராக வந்திருந்தேன். பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு, தானாகத் திறந்துகொண்டதுபோல் தள்ளாடினேன்.

"அப்போ பாட்டு என் இஷ்டம். நீ நிறுத்தச் சொல்லக் கூடாது."

"அது வேற பேச்சு," என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே. "முன்னாடி பேட்டரியில இருந்து பின்னாடி டிக்கி வரைக்கும் கரண்ட் போகணும். எந்த வயர்ல குடுக்கப் போறீங்க?"

"வயர் என்ன, வயர்தானே?"

"அங்கதான் எல்லாம் இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, சொல்றேன்."

"கேக்க மாட்டேன்."

இந்த இடத்தில் என் நெஞ்சைத் திறந்து ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் வயர் கிடைத்திருக்கும். ஆனால் அதன் பிறகு ஒலிக்கும் ஒவ்வொரு பாட்டும் அவள் வயரில் வந்த பாட்டாக இருந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது பாட்டு மட்டுமன்று. அந்தக் காருக்குள் எனக்கென்று ஒரு துறை.

"அப்போ இப்படி வெச்சுக்கலாம்," என்றாள். "மூணு ஞாயிறு டைம். எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வண்டியில விளக்கு மங்கக் கூடாது, எதுவும் கருகக் கூடாது, பாட்டு நடுவுல நிக்கக் கூடாது. என் தயவு இல்லாம அப்படி ஒரு ஞாயிறு முடிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் காலத்துக்கும் பாட்டு உங்க இஷ்டம்."

"முடிக்கலைன்னா?"

"காலத்துக்கும் இஞ்சின்."

கை குலுக்கிக்கொண்டோம். என் கையில் இருந்த சவர நுரை அவள் கைக்குப் போனது. அதையும் அவள் என் சட்டையிலேயே துடைத்தாள்.

சவுண்டு கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆம்ப், பெட்டி எல்லாவற்றையும் பேசி முடித்தபின் வயர் வந்தது.

"எட்டாம் நம்பர் போதும் சார்," என்றார் அவர்.

எட்டு. எண்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். கண்ணாடியில் எண் கூடக் கூடத் தடிமன் கூடும். இரண்டாம் எண்காரர் செய்தித்தாளை மட்டும் தூரப் பிடிப்பார். எட்டாம் எண்காரர் என்றால் கண்ணாடியின் விளிம்பு காதுவரை வந்து நிற்கும். இந்த அறிவை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எட்டைவிடப் பெரிய நம்பர் இல்லையா?"

"இருக்கு சார். பன்னெண்டு இருக்கு, பதினாறு இருக்கு. ஆனா அது வந்து..."

"பதினாறு குடுங்க."

"சார், வயர்ல நம்பர் வந்து..."

"எனக்கு நம்பரைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க. பதினாறு."

வியாபாரிக்கு அதற்கு மேல் என்ன வந்தது? பதினாறாம் எண்ணையே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். வயரைப் பார்த்தபோது எனக்கே சற்று வியப்பாகத்தான் இருந்தது. காலணிக் கயிறு அளவுதான் இருந்தது. ஆனால் உடனே தெளிந்துவிட்டேன். உயர்ந்த ரகக் கண்ணாடியும் அப்படித்தானே? எண் பெரிதாக இருக்கும். ஆனால் விலை கூடிய பொருளில் செய்ததால் மெலிதாக இருக்கும். வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் முறை சொன்ன அதே விளக்கத்தை எனக்கு நானே சொல்லி, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு. தெருமுனை வரை போயிருப்போம். பாட்டின் முதல் முரசு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழ வேண்டிய இடத்தில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு அமைதி. பிறகு ஒரு வாசனை.

அவள் காரை ஓரம் கட்டினாள்.

"ஏதோ கருகுதே."

"புது வயருக்கு அப்படித்தான் இருக்கும்."

"உங்க காலுக்குக் கீழ புகை வருது. அதுவும் புது வயருக்கு வருமா?"

"லேசா வரும்."

"சரி." இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஏன்னு கேக்கணும்னு தோணுதா?"

"தோணலை."

"அப்போ சொல்லலை."

மிச்ச வழியெல்லாம் இஞ்சின் பேசியது. அன்று அதன் குரலில் ஒரு குதூகலம் இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

மறுநாள் கடைக்காரர், வயரின் உலகத்தில் எண் சிறுக்கச் சிறுக்கத் தடிமன் பெருகும் என்பதை மெதுவாக, மரியாதையாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். யார் இப்படித் தலைகீழாக எண்ணத் தொடங்கினார்களோ, அவர்களுக்கு என் கடையில் கண்ணாடி கிடையாது என்று மனத்துக்குள் தீர்ப்பளித்துவிட்டு, "இருக்கிறதிலேயே தடிமனா எடுங்க," என்றேன்.

நான்காம் எண்ணை எடுத்துப் போட்டார். கட்டைவிரல் பருமன். மேலுறை பளிங்குபோல் இருந்தது. அதன் வழியே உள்ளே செம்பொன் நிறத்தில் இழைகள் மின்னின. என் பையில் எப்போதும் இருக்கும் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வோர் இழையாகப் பார்த்தேன். மாசு மறு இல்லை. கையில் எடுத்தேன். பஞ்சுப்பொதி போல் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையோடு மேசைமேல் வைத்தேன். அவள் அந்தச் சுருளை ஒற்றைக் கையால் எடுத்தாள். மேலே தூக்கிப் போட்டாள். பிடித்தாள். மறுபடி தூக்கிப் போட்டாள்.

"ரொம்ப லேசா இருக்கே."

"லேசா இருந்தாத்தான் உசத்தி. என் கடையில வந்து பாரு. இருக்கிறதிலேயே லேசான பிரேம் எதுவோ, அதுதான் இருக்கிறதிலேயே விலை."

"அப்படியா?"

"தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்."

"எந்தத் தொழில்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் ஞாயிறு. போகும்போது பகல், பாட்டு ஓடியது. புகை இல்லை, வாசனை இல்லை, விக்கல் இல்லை. மாமியார் வீட்டில் என்னை இரண்டு முறை சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு முறையும் சாப்பிட்டேன். வெற்றி பசியைத் தூண்டும்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் முன்விளக்கைப் போட்டாள். நான் பாட்டைப் போட்டேன். முரசு ஒருமுறை அதிர்ந்தது. விளக்கு ஒருமுறை மங்கியது. முரசு இருமுறை, விளக்கும் இருமுறை. பாட்டு வேகமெடுத்தபோது எங்கள் விளக்குகள் சாலை முழுவதும் தாளம் போட்டன. எதிரில் வந்த லாரி, தனக்கு ஏதோ சொல்கிறோம் என்று நினைத்து ஓரம் கட்டி நின்றது. அடுத்து வந்த கார், பதிலுக்கு விளக்கடித்துக் காட்டியது. அதற்குப் பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் கையசைத்தார்.

"உங்களுக்கு இந்தப் பக்கமெல்லாம் இவ்வளவு சிநேகிதக்காரங்களா?" என்றாள் அவள்.

"பாட்டுப் பிடிச்சிருக்கும்."

"சன்னல் மூடியிருக்கு."

சாலைச் சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏம்மா, எதுக்கு இப்படி லைட்டை அணைச்சு அணைச்சுப் போடறீங்க?"

"நான் போடலைங்க," என்றாள் அவள். "இவர் என் வீட்டுக்காரர். இவருக்குப் பாட்டுக் கேக்கணும்."

காவலர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்டிப்பைவிட இரக்கம் மிகுந்திருந்தது. நானே பாட்டை நிறுத்தினேன்.

"ஏன்னு கேக்கணும்னு..." என்று அவள் தொடங்கினாள்.

"தோணலை," என்றேன்.

மறுநாள் அந்த வயரை உருவி எடுத்துக் கடைக்காரரின் மேசைமேல் எறிந்தேன். அவர் ஓர் இழையைப் பிரித்து, கத்தி முனையால் இலேசாகச் சுரண்டினார். செம்பொன் போயிற்று. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அலுமினியம் சார். மேலதான் செம்புப் பூச்சு. அதனாலதான் லேசு. தடிமன் இருக்கும், ஆனா செம்பு அளவுக்குக் கரண்டைக் கடத்தாது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தீங்க. நான் குறுக்க பேசினா நல்லாவா இருக்கும்?"

"சுத்தச் செம்பு வேணும். இப்பவே."

"ஆர்டர் போட்டா நாலு வாரம் ஆகும் சார்." கன்னத்தைச் சொறிந்தார். "அவசரம்னா பக்கத்துத் தெருவில ஒரு மோட்டார் பட்டறை இருக்கு. அங்க ஒரு அம்மா இருப்பாங்க. செம்புல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. கையில தூக்கிப் பார்த்தே சொல்லிடுவாங்க. ஒரு வார்த்தை கேட்டாப் போதும். உங்களுக்குத் தெரியுமா அவங்களை?"

"பார்த்திருக்கேன்," என்றேன்.

ஆர்டர் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மிஞ்சியிருந்தது ஒரே ஞாயிறு. அப்போதுதான் எனக்கு எதிர்வீட்டு நூலகர் நினைவுக்கு வந்தார்.

அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தம் வீட்டுக்குள்ளேயே நுனிக்காலில் நடப்பவர். அவருக்கு இருந்த ஒரே குறை, பொய் சொல்லிப் பழக்கமில்லாதது. அதை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நம்பினேன்.

"சார், நீங்க உங்களுக்கு வேணும்னு கேளுங்க. கட்டைவிரல் தடிமன். சுத்தச் செம்பு. எவ்வளவு ஆனாலும் பணம் நான் தரேன். என் பேர் வரக் கூடாது."

"எதுக்குன்னு கேட்டா?"

"ஏதாவது சொல்லுங்க. உங்க நூலகத்துல இல்லாத பொருளா?"

அவரைச் சம்மதிக்க வைத்துப் பட்டறைக்கு அனுப்பச் சனிக்கிழமை ஆகிவிட்டது. பட்டறைக்கு அடுத்தாற்போல் தேநீர்க் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான். அதில் காதை வைத்துக்கொண்டு, கையில் கோப்பையோடு நின்றேன்.

"வாங்க அண்ணே," என்றது என் மனைவியின் குரல். "என்ன இவ்வளவு தூரம்?"

"வயர் வேணும் தங்கச்சி. செம்பு."

"எதுக்கு?"

நூலகர் இருமுறை செருமினார்.

"அலமாரிக்கு."

"அலமாரிக்கு வயரா?"

"அலமாரியில ஒரு விளக்கு போடணும்."

"எவ்வளவு தடிமன்ல?"

"இவ்வளவு." கட்டைவிரலைக் காட்டியிருப்பார்.

"ஏண்ணே, அது அலமாரியா, கலங்கரை விளக்கமா?"

"கொஞ்சம் பெரிய அலமாரி."

"எவ்வளவு நீளம் வேணும்?"

எனக்குத் தேநீர் புரையேறியது. நீளத்தைச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டேன். நூலகரோ, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகியவர்.

"அது தெரியாது," என்றார்.

"பரவாயில்லை. நானே ஒரு உத்தேசமா வெட்டித் தரேன்."

வெட்டும் ஓசை கேட்டது. பிறகு நூலகர் விலை கேட்டார்.

"இது விக்கிறதுக்கு இல்லை அண்ணே. வேணும்னா கடனா எடுத்துட்டுப் போங்க."

"கடனாவா?"

அந்த ஒரு சொல்லில் அவர் குரல் மாறியது. அதுவரை அவர் அந்நிய நாட்டில் இருந்தார். இப்போது சொந்த ஊருக்கு வந்துவிட்டார்.

"என்னிக்குத் திருப்பணும்?"

"எப்ப முடியுதோ அப்ப."

"அப்படி இருக்கக் கூடாது தங்கச்சி. தேதி வேணும். பதினாலு நாள்னு வெச்சுக்குவோம். தாமதமானா அபராதம்."

"அபராதமெல்லாம் எதுக்கு? குடுத்த அளவு குறையாம வந்தாப் போதும்."

நூலகர் வெளியே வந்தபோது இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தார். கறுப்பு உறை. மினுக்கம் இல்லை, பளிங்கு இல்லை. நான் வாங்கிக்கொண்டேன், தோள்பட்டை ஒரு முறை கீழே இறங்கி ஏறியது. கனம். அன்றைக்குத்தான் செம்பு என்றால் என்னவென்று என் கைக்குத் தெரிந்தது.

"வாங்கிட்டு வரச் சொன்னா கடன் வாங்கிட்டு வந்திருக்கீங்களே."

"அதுதான் முறை சார்," என்றார் அவர், கண்கள் மின்ன.

காரை அவர் வீட்டுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய், நாங்களே மாட்டினோம். பேட்டரி அருகே இருக்கும் ஃபியூஸில் ஒரு முனை. கதவோரக் கம்பளத்துக்கு அடியில் இழுத்து, பின்னிருக்கைக்குக் கீழே நுழைத்து, ஆம்பில் மறு முனை. ஒரு விரற்கடை கூட மிஞ்சவில்லை. ஒரு விரற்கடை கூடப் போதாமற் போகவில்லை. என் காரின் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அலமாரிக்கென்று உத்தேசமாக வெட்டிய வயர், காருக்கு எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று அறிவுள்ளவன் ஒருவன் அங்கே இருந்திருந்தால் யோசித்திருப்பான். நாங்கள் இரண்டு பேர்தாம் இருந்தோம்.

மூன்றாம் ஞாயிறு. அதை எப்படிச் சொல்வேன்? முரசு விழுந்தபோது என் சட்டைப் பொத்தான்கள் நடுங்கின. திரும்பும்போது இருட்டியது, விளக்குகள் இமைக்கவில்லை. லாரிகள் தம் வழியே போயின. அதே சந்திப்பில் அதே காவலர் நின்றார்; எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்க்காமல் விட்டதற்காக நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"நல்லா இருக்கு. எந்த வயர் போட்டீங்க?"

"நானே தேடிப் பிடிச்சது."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கையில தூக்கிப் பார்த்தேன். கனமா இருந்துச்சு. செம்புன்னா கனம் வேணும். லேசா இருந்தா உள்ள அலுமினியம்."

"ஓ," என்றாள். வியந்ததுபோல் தலையை ஆட்டினாள். "அப்போ என் தயவு இல்லாமலே முடிச்சிட்டீங்க."

"ஆமா."

"சரி. சொன்னா சொன்னதுதான். பாட்டு உங்க இஷ்டம்."

அடுத்த ஒன்பது நாட்கள் நான் வாழ்ந்தேன். அவள் என்னைக் கடையில் விடப் போகும்போது பாட்டு. கடைக்குப் போகாமல் வாசலில் நிற்கும் காரில் சும்மா உட்கார்ந்து பாட்டு. அவள் காரைப் பின்னால் நகர்த்தும்போதுகூடப் பாட்டு. அவள் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு துறை, அதற்கு நானே அமைச்சர்.

வயர் வாங்கிய பதினோராம் நாள் நூலகர் வந்தார்.

"சார், இன்னும் மூணு நாள்."

"எதுக்கு?"

"வயருக்கு."

"அவளே மறந்திருப்பா சார்."

"அவங்க மறக்கலாம். நான் மறக்க முடியாது. முப்பது வருஷமா அடுத்தவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினவன்."

பன்னிரண்டாம் நாளும் வந்தார். பதின்மூன்றாம் நாள் வந்தபோது அவர் கண்களுக்குக் கீழே கருவளையம் இருந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். தொலைந்துபோய்விட்டதென்று சொல்லுங்கள் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நேரே போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று, தம் வழக்கத்தை மீறி, எனக்குக் கேட்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார்.

கணக்குப் போட்டேன். ஆர்டர் போட்ட செம்பு வர இன்னும் ஒரு வாரத்துக்குச் சற்று மேல். அதுவரை காதுக்கு ஓய்வு என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வயர் சந்தேகத்துக்கு இடமின்றித் திரும்பிவிட்டால் வெற்றி என்னிடமே இருக்கும். காலத்துக்கும்.

அன்று மாலையே கம்பளத்தைத் தூக்கி வயரை உருவினோம். இரண்டு முனைகளிலும் திருகாணி கடித்த தழும்பு இருந்தது. அலமாரி விளக்குக்குப் போன வயரில் ஆம்பின் பல் பதிந்திருக்கலாமா? என் மூளை வேலை செய்தது. வெட்டுக்குறட்டை எடுத்து, முனைக்கு மூன்று சென்டிமீட்டராக இரு பக்கமும் நறுக்கிவிட்டேன். புத்தம் புதிதாக ஆகிவிட்டது. தடயங்களைக் குப்பையில் போட்டால் அவள் கண்ணில் படும் என்று கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு குற்றவாளி எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டுமோ, அவ்வளவு முன்யோசனையோடு இருந்தேன்.

பதினான்காம் நாள் காலை பத்து மணிக்கு நூலகர் பட்டறைக்குள் நுழைந்தார். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு, அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்கும் சாக்கில் நானும் நுழைந்தேன்.

"அலமாரி விளக்கு எரிஞ்சுதா அண்ணே?"

"நல்லா எரிஞ்சுது," என்றார் நூலகர், தரையைப் பார்த்து.

அவள் வயரை வேலை மேசையில் நீட்டி, அளவு நாடாவை எடுத்தாள். ஒருமுறை அளந்தாள். நாடாவைச் சுருட்டினாள். மறுபடி நீட்டி அளந்தாள். நிமிர்ந்தாள்.

"அண்ணே, குறையுதே."

நூலகரின் முகத்தில் இரத்தம் வற்றியது. ஒரு பக்கம் கிழியாமல், ஓர் ஓரம் மடங்காமல் முப்பது ஆண்டுகள் புத்தகம் காத்தவர். அவர் அபராதப் பணத்துக்காகச் சட்டைப்பையைத் துழாவுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பெருந்தன்மையோடு குறுக்கிட்டேன்.

"என்னம்மா நீ? வெறும் ஆறு சென்டிமீட்டருக்காக ஒரு நல்ல மனுஷனை இப்படி நிக்க வைக்கலாமா?"

பட்டறையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டி அதை நிறுத்தினாள்.

"எவ்வளவு குறையுதுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"கண்ணால பார்த்தே சொன்னேன்," என்றேன். "என் தொழிலே அதுதானே."

"அப்படியா? அப்போ அதே கண்ணால, அந்த ஆறு சென்டிமீட்டர் எங்க இருக்குன்னும் பார்த்துச் சொல்லுங்க."

நான் கூரையைப் பார்த்தேன். நூலகர் என் கால்சட்டைப் பையைப் பார்த்தார். அந்த மனிதர் வாயால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை இன்றும் சொல்வேன்.

இரண்டு துண்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அவற்றைச் சுருளோடு சேர்த்து ஒரு நூலால் கட்டினாள். ஆனால் நான் அவ்வளவு எளிதில் பணிபவன் அல்லன். வாதம் இருந்தது.

"இரு, இரு. ஒப்பந்தம் என்ன? உன் தயவு இருக்கக் கூடாது. நான் உன்கிட்ட எதையாவது கேட்டேனா? வாங்கினேனா? கடன் கேட்டது இவர். கடன் குடுத்தது இவருக்கு. இவர் எனக்குக் குடுத்தார்ன்னா அது இவரோட தயவு. பாட்டு என்னோடதுதான்."

"நியாயமாத்தான் இருக்கு," என்றார் நூலகர், மெல்ல.

"நியாயந்தான்," என்று அவளும் ஒப்புக்கொண்டாள். என் தோள்கள் நிமிர்ந்தன. "அந்த ஆணியில மாட்டிடுங்க. அதுல இருக்கிற சீட்டை எடுத்துட்டு மாட்டுங்க."

அவள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் உள்ள ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு பொருள். பொருள் கடனாக வெளியே போனால், போன அன்றே, யாருக்கு, எவ்வளவு என்று எழுதிய சீட்டு அந்த ஆணியில் ஏறும். பொருள் திரும்பினால் திரும்பிய அளவை அதிலேயே எழுதி, கம்பியில் குத்தி வைப்பார்கள்.

சீட்டை எடுத்தேன். இரண்டு வாரத் தூசி அதன்மேல் படிந்திருந்தது. ஊதினேன். படித்தேன். மறுபடி, என் கடையிலேயே விலை கூடிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நூலகரின் பெயர் அதில் எங்கும் இல்லை. "என் வீட்டுக்காரருக்கு, காருக்காக, ஐந்து மீட்டர் நாற்பத்தாறு சென்டிமீட்டர்" என்று எழுதியிருந்தது.

அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள். திரும்பி வந்ததை நானே என் கையால் எழுதினேன்: ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்.